இன்சோலுக்கு ஏற்ற ஷூ: ஏற்காட்டுச் சிறுமி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன். பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், கிராமம், பள்ளி எதுவும் இதில் இல்லை. டாக்டர் சொன்னார் என்று, பாதத்தைத் தாங்க ஷூவுக்குள் வைக்கும் இன்சோலை அளவெடுத்து, காசு கொடுத்து செய்து வாங்கி, அது பீரோவில் கிடக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குழந்தை அடம் பிடிக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஷூவைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் குழந்தை சொல்வதுதான் சரி, அந்த ஷூவில் அந்த இன்சோலை யாராலும் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. இந்தக் குழந்தையின் விஷயத்தில் அது தொடக்கம் முதல் கடைசி வரை தெளிவாகத் தெரிந்தது, அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

சிறுமிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அப்பா காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார், கூடவே ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, இருக்கிறார். ஏற்காட்டில் பல வீடுகள் போலவே இவர்கள் வீடும் ரோட்டிலிருந்து கீழே இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. காலையில் பள்ளி வேனைப் பிடிக்க ஏற்றம், மாலையில் வீடு திரும்ப இறக்கம். இந்த ஏற்ற இறக்கம் பின்னால் முக்கியமாக வரும்.

நான்கு வயதிலிருந்தே கொஞ்ச தூரம் நடந்ததும் "தூக்கிக்கோ" என்பாள். ஆறு வயதுக்கு மேல் சாயங்காலம் ஆனால் கணுக்காலின் உள்பக்கமும் கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். சேலத்தில் எலும்பு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். மூட்டுகள் இயல்பை விட இளக்கமாக இருக்கின்றன, தட்டைப் பாதம் இருக்கிறது, ஆனால் வளைந்து கொடுக்கும் வகை, பயப்பட வேண்டாம், வலி இருப்பதால் இன்சோல் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். காலை மாவுக்கட்டில் அச்செடுத்து இன்சோலும் செய்து கொடுத்தார்கள்.

அது கடையில் விற்கும் மெத்தென்ற பஞ்சு இன்சோல் இல்லை. குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஆழமாகப் பிடித்து, பாதத்தின் இரண்டு பக்கமும் சுவர் எழும்பி நிற்கும் பிளாஸ்டிக் வகை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1960-களில் உருவான வடிவம் என்பதால் யூசிபிஎல் என்பார்கள். 3 மி.மீ. பிளாஸ்டிக், அதன் மேல் 2 மி.மீ. பஞ்சு, விரல்களுக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். பக்கச் சுவர்கள் இருப்பதால் பாதத்தை விட அகலம் கூடுதல். அந்தச் சுவர்தான் வேலை செய்கிறது, அதுதான் ஷூவுக்குள் போக மாட்டேன் என்றும் நிற்கிறது.

என்னிடம் வந்தபோது இன்சோல் வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மொத்தமாகப் போட்டது ஒரு வாரம்கூட இல்லை. "போட்டாலே அழறா மேடம். அச்சு தப்பா எடுத்துட்டாங்களோ என்னவோ," என்றார் அம்மா.

முதல் நாள் பார்த்தவை

நிற்கச் சொன்னால் இரண்டு குதிகாலும் வெளிப்பக்கம் சாய்கின்றன, உள்பக்கக் குழிவு தரையோடு ஒட்டிவிடுகிறது. நுனிக்காலில் எம்பி நிற்கச் சொன்னால் குழிவு அழகாக மேலே வருகிறது, குதிகாலும் நேராகிறது. கட்டை விரலை நிமிர்த்தினாலும் அப்படியே. இதுதான் வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதத்தின் அடையாளம். மூட்டு இளக்கத்தைப் பார்க்கும் பெய்ட்டன் அளவுகோலில் 9-க்கு 6. முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேலே மடக்கினால் கெண்டைச் சதை கொஞ்சம் இறுக்கம். இரவில் வலியால் விழிப்பதில்லை, ஒரு கால் மட்டும் வேறு மாதிரி இல்லை, பாதம் விறைப்பாகவும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தால் ஷூவைப் பற்றிப் பேசாமல் நேராக மருத்துவரிடமே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்புறம் ஷூ. பெண் பிள்ளைகளுக்கென்று விற்கும் கறுப்புப் பள்ளி ஷூ, மேலே ஒரே ஒரு பட்டை, பாதத்தின் மேல்பகுதி முழுக்கத் திறந்தே இருக்கும். சைஸ் 13. "இன்சோல் போகணும்னா ரெண்டு சைஸ் பெருசா எடுங்கன்னாங்க," என்றார் அப்பா. முன்பக்கம் இடம் இருந்ததால் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள்.

நிற்க வைத்து அளந்தேன். இடது பாதம் 18.1 செ.மீ., வலது 17.8. உட்கார வைத்து அளந்தால் இன்னும் குறைவாகத்தான் காட்டும், தட்டைப் பாதத்தில் அந்த வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும். ஷூவின் உள்நீளம் 21 செ.மீ. கிட்ட. மூன்று செ.மீ. காலி.

நம் கடைகளில் இருக்கும் பிரிட்டிஷ் சைஸ் கணக்கில் ஒரு சைஸ் என்பது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மி.மீ. ஒரு சைஸ் ஏற்றினால் நீளம்தான் அவ்வளவு கூடும். அகலம் கூடுவது அதில் கொஞ்சம்தான், குதிகால் பக்கத்து ஆழம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். இன்சோலுக்கு வேண்டியதோ அகலமும் ஆழமும். பெரிய சைஸ் வாங்கினால் வேண்டாததற்குக் காசு கொடுத்து வேண்டியதை வாங்காமல் வந்ததாகத்தான் ஆகும்.

இந்த ஷூவில் அது எப்படித் தெரிந்தது என்றால், ஷூவோடு வந்த உள்மெத்தை ஒட்டியபடியே இருக்க அதன் மேல் இன்சோலை வைத்திருந்தார்கள். குதிகால் மேலே ஏறிவிட்டது, ஷூவின் பின்விளிம்பு அதற்குக் கீழே நிற்கிறது, பிடிப்பே இல்லை. நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் வெளியே வந்து போகிறது. பக்கவாட்டில் ஷூ குறுகல் என்பதால் இன்சோலின் உள்பக்கச் சுவர் பாதத்துக்குள் அமுங்கி, கணுக்காலுக்குக் கீழே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் செக்கச்செவேலென்று தடம். வலது கட்டை விரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இவ்வளவு பெரிய ஷூவில் விரல் எப்படி இடிக்கும் என்று அப்பா கேட்டார். இறக்கத்தில்தான். மாலையில் வீட்டுக்கு இறங்கும்போது காலும் இன்சோலும் சேர்ந்து முன்னால் சரிகின்றன, பஞ்சு அமுங்கிவிடுகிறது, விரல் போய் முட்டுகிறது. சமதரையில் இருக்கும் குழந்தைக்கு இது தெரிய நாளாகும். மலைக் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, இன்சோலை மாற்றச் சொல்லக் கூடாது. வெறுங்காலோடு இன்சோல் மேல் நிற்க வைத்துப் பார்த்தேன், குதிகால் நேராக நின்றது, எங்கேயும் அழுத்தவில்லை, அவளும் சிணுங்காமல் நின்றாள். அச்சு தப்பில்லை. புதிதாகச் செய்திருந்தால் அதையும் இதே ஷூவுக்குள் திணித்து இதே தடத்தைத்தான் பார்த்திருப்போம்.

இரண்டாவது, நீளத்தைப் பாதம் சொல்லட்டும், அகலத்தையும் ஆழத்தையும் இன்சோல் சொல்லட்டும். பெரிய பாதத்தின் நீளத்தோடு ஒரு செ.மீ. கொஞ்சம் கூட்டி, 19.3 செ.மீ. நீளத்துக்கு ஒரு அட்டைக் கீற்று வெட்டினேன், விரல் அகலம். ஷூவுக்குள் விட்டால் அது மடங்காமல் முழுசாகப் படுக்க வேண்டும், பின்னால் அரை விரலுக்கு மேல் இடமும் இருக்கக் கூடாது. இன்சோலை ஒரு தாளில் வைத்து பென்சிலை நேராகப் பிடித்து வரைந்து, அந்தப் படத்தையும் கொடுத்தேன். சைஸ் எண்ணை மறந்துவிடச் சொன்னேன், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

மூன்றாவது, எப்போது போட வேண்டும் என்பது. ஆயா ஒரு கேள்வி கேட்டார்: "நாங்கெல்லாம் செருப்பே பாக்காத காலு. எங்களுக்கு யாருக்குங் கண்ணு இந்த மாதிரி இருந்துச்சு?" தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வி இல்லை. கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தைப் பார்த்து 1992-ல் வெளியான ஆய்வில், ஷூ, செருப்பு போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலோடு நடப்பவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். ஆயா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அதனால் வீட்டிலும் வாசலிலும் வெறுங்கால். பள்ளிக்கும் நெடுநடைக்கும் மட்டும் இன்சோல். கூடவே கெண்டைச் சதைக்கு நீட்டிப்புப் பயிற்சி, நுனிக்கால் நடை.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிட்டேன். இன்சோல் போட்டால் குழிவு வளர்ந்துவிடாது. 129 குழந்தைகளோடு தொடங்கி மூன்று ஆண்டுகள் நடந்து 1989-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், விசேஷ ஷூவோ இன்சோலோ போட்டவர்களுக்கும் ஒன்றும் போடாதவர்களுக்கும் பாத அமைப்பில் வித்தியாசம் வரவில்லை. வளைந்து கொடுக்கும், வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு ஒன்றுமே தேவையில்லை. இவளுக்கு வலிக்கிறது, அந்த வலியைக் குறைக்கத்தான் இது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் கழித்துப் பாதத்தைப் பார்த்து ஏமாந்துபோய் இன்சோலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கடையில்

சேலத்தில் முதல் அக்ரஹாரம் தெருப் பக்கம் ஷூ கடைக்குச் சாயங்காலமாகப் போகச் சொன்னேன், பகல் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால். அன்று எனக்கும் அங்கே வேலை இருந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன்.

கடைக்காரர் தங்கமானவர், ஆனால் அவருக்கும் பழக்கம் அதேதான். "வளர்ற புள்ளைக்கா, ஒரு சைஸ் கூடவே எடுத்துக்குங்க." அட்டையையும் இன்சோலையும் அவர் கையில் கொடுத்தோம். பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நாங்கள் பார்த்த வரிசை இது: உள்மெத்தை கழற்ற வருகிறதா, ஒட்டியிருக்கிறதா. கழற்றிய பிறகு அடித்தளம் சமமாக இருக்கிறதா, விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், மேடு பள்ளம் இருந்தால் இன்சோல் உள்ளே ஆடும். பின்பக்கத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கினால் அமுங்காமல் நிற்கிறதா. முன்னாலும் பின்னாலும் பிடித்து மடக்கினால் விரல் மடியும் இடத்தில் மடிகிறதா, நடுவில் மடிந்தால் வேண்டாம். அடிப்பாகம் அகலமாக, தட்டையாக இருக்கிறதா. வாய் எவ்வளவு தூரம் திறக்கிறது.

பெண் பிள்ளை ஷூ ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாமே ஆழம் குறைவு, எல்லாவற்றிலும் உள்மெத்தை ஒட்டியிருந்தது. பையன்களுக்கான கறுப்பு ஸ்போர்ட்ஸ் வகைப் பள்ளி ஷூ ஒன்றில், இரண்டு வெல்க்ரோ பட்டை வைத்தது, சைஸ் 11, மெத்தை கழன்று வந்தது. ஐந்து மி.மீ. மெத்தை. அது போன இடத்தில் இன்சோல் உட்கார்ந்தது, குதிகால் பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. ஷூவின் பின்பக்கத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் குதிகாலைப் பின்னால் சேர்த்துப் பட்டையைப் போட்டோம். நடந்தாள். குதிகால் எழும்பவில்லை. கடை வாசல் படியில் இறங்கி ஏறச் சொன்னேன், விரல் முட்டவில்லை என்றாள்.

ஆனால் மேல் பட்டை எட்டவில்லை. இன்சோல் போட்டதும் பாதம் உயர்ந்து, வெல்க்ரோ நுனியில் மட்டும் கவ்வியது. அடுத்த சைஸ் எடுக்கலாமா என்று கடைக்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன். பட்டையை நீட்டலாம், நீளமான ஷூவைக் குறைக்க முடியாது. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். பட்டையைத் திருப்பிப் பார்த்தார், இன்சோல் போட்ட காலோடு குழந்தையை நிற்க வைத்து, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கட்டை விரலாலேயே அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். அதே கறுப்பில் ஒரு துண்டு வெல்க்ரோவை வைத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலில் இரட்டைத் தையல். பிறகு யாரும் சொல்லாமலே, பட்டைக்கு அடியில் இருக்கும் ஷூ நாக்கின் ஓரத்தில் இருந்த தையலை ஒரு விரற்கடை பிரித்துவிட்டு, "இப்ப கால் உள்ள போறதுக்கு லேசா இருக்கும் பாருங்க," என்றார். அப்படியே இருந்தது. கையில் இருக்கும் ஷூவை இன்சோலுக்கு ஏற்றதாக்க ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருக்கிறார், நாம்தான் அவரிடம் போவதில்லை.

பள்ளியும் சிறுமியும்

இரண்டு சிக்கல் வந்தது. பள்ளி விதிப்படி பெண் பிள்ளைகளுக்கு ஒற்றைப் பட்டை ஷூ. மருத்துவரின் சீட்டு நகலோடு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்த ஷூ மருத்துவக் காரணத்துக்கானது, சனிக்கிழமை போடும் வெள்ளைக் கான்வாஸுக்குப் பதிலும் இதையே போட அனுமதிக்க வேண்டும், கான்வாஸில் பின்பக்கம் தொய்ந்துவிடும் என்று. தலைமை ஆசிரியை அன்றே ஒத்துக்கொண்டார்.

சிறுமியை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "இது பசங்க ஷூ." வகுப்பில் ஒரு பையன் அதே ஷூ போட்டிருக்கிறானாம். ஏழு வயதில் அது பெரிய விஷயம், வலியை விடவும் பெரியது. அம்மா தையல்காரர் அல்லவா, இரண்டு ஷூவின் நாக்கின் உள்பக்கத்திலும் சிவப்பு நூலில் ஒரு பட்டாம்பூச்சி போட்டுக் கொடுத்தார். பட்டை போட்டால் வெளியே தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு காலையில் தானே எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

பழக்கிய வாரங்கள்

முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, பத்து நாளில் பள்ளி நேரம் முழுக்க. ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். லேசான சிவப்பு வரும், இருபது முப்பது நிமிடத்தில் போய்விட்டால் சரி, போகாவிட்டால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். நல்ல நீளமான, உள்ளே தையல் மேடு இல்லாத பருத்தி சாக்ஸ்.

நான்காம் நாள் வலது உள்பக்கத்தில் சிவப்பு மறையாமல் நின்றது. இப்போது ஷூ குறுகல் இல்லை என்பது உறுதியானதால், இதை இன்சோல் விளிம்பின் வேலை என்று நம்பிச் சொல்ல முடிந்தது. செய்து கொடுத்தவரே சூடுகாட்டி விளிம்பைத் துளி வெளியே விரித்துக் கொடுத்தார். அதோடு அந்தத் தடம் நின்றது.

மழை

ஐப்பசியில் மலையில் துணியே காயாது, ஷூ எங்கே காயும். நனைந்த ஷூவை இன்சோலோடு விறகடுப்பு ஓரம் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தப்பித்தது, மேல் பஞ்சின் ஒட்டு ஒரு பக்கம் விட்டுச் சுருண்டுவிட்டது. அது சுருண்ட இடத்தில் கால் உரசி, இரண்டு நாள் இன்சோல் இல்லாமல் போனாள். ஒட்டிக் கொடுத்த பிறகு வழக்கம் மாறியது: வந்ததும் இன்சோலை வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றில் வைப்பது, ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஒரு மணி நேரத்தில் மாற்றுவது, பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக. இரண்டாவது ஷூ வாங்க வசதி இல்லை, அதனால் இதெல்லாம் தவறாமல் செய்ய வேண்டியிருந்தது.

என்ன ஆனது

வலி வந்த நாட்களை அம்மா தினசரி நாள்காட்டித் தாளில் பேனாவால் வட்டமிட்டு வைத்தார். தொடங்கிய மாதத்தில் பாதிக்கு மேல் வட்டம். மூன்றாம் மாதத்தில் ஐந்து, அதில் இரண்டு இன்சோல் போடாத நாட்கள். வேன் வரை ஏறும் ஏற்றத்தில் தூக்கச் சொல்வதில்லை. நகம் புதிதாக வளர்ந்து கறுப்பு வெளியே தள்ளிவிட்டது. கெண்டை இறுக்கம் தளர்ந்திருக்கிறது, வலி குறைந்ததில் அந்தப் பயிற்சிக்கும் பங்கு உண்டு, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு குழந்தையை வைத்து முடியாது. நிற்கும்போது பாதம் முன்பு போலவே தட்டைதான்.

ஐந்தாம் மாதம் அளந்தபோது இடது பாதம் 18.6. முன்பக்க இடம் ஒரு செ.மீ.க்குக் கீழே வந்துவிட்டது. இன்சோலின் முன்விளிம்பும் விரல் மடியும் இடத்திலிருந்து பின்தங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

மாற்றிக்கொண்டவை

அச்செடுக்கும் நாளிலேயே ஷூவைப் பற்றிப் பேச வேண்டும் என்று இன்சோல் செய்பவரிடம் பேசி வைத்திருக்கிறேன். முடிந்தால் ஷூவை முதலில் வாங்கி அவர் கையில் கொடுத்துவிடலாம், பக்கச் சுவரை அதற்குத் தக்கபடி சீவிக்கொள்வார். அட்டைக் கீற்றும் இன்சோல் படமும் பள்ளிக் கடிதமும் இப்போது கேட்காமலே எல்லாக் குடும்பத்துக்கும் தருகிறேன்.

காலமும் முக்கியம். பள்ளி ஷூ எல்லா அளவிலும் கடைக்கு வருவது மே, ஜூன் மாதங்களில்தான். நாங்கள் தேடிய நேரத்தில் கடைக்காரரிடம் அந்த ரகத்தில் மீதி இருந்தது மூன்று ஜோடி, அதில் 11 ஒன்றே ஒன்று. இந்த முறை மே மாதமே இறங்கி வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் ஷூ, அதே வாரம் அச்சு, இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகுதான் பட்டை தைக்கப் போவது என்று பேசியிருக்கிறோம்.